நாலு கால் சாட்சி

அத்தியாயம் 4

ஒரு குடும்பத்தைப் பிரிக்க எனக்குப் பதினோரு நிமிஷம்தான் ஆயிற்று. பத்து நிமிஷம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிஷம் மெசேஜ் அடித்தேன்.

மறுநாள் பகல் ஒரு மணிக்கு அந்த மெசேஜை அக்கா என் போனிலேயே வாங்கிப் படித்தார். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, என் முதலாளி. பன்னிரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளைம்களைப் பிடித்துவிட்டு, பிறகு சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவர். எனக்கு வயது முப்பத்துநாலு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அக்கா கூப்பிடும் பெயர் 'அவசரம்'.

"'சந்தேகமே வேண்டாம் மேடம். உங்க வீட்டுக்காரர் குட்டிய அடிக்கிறார்.' இத நீதான் அனுப்புனியா?"

"ஆமாக்கா."

"அடிச்சதப் பாத்தியா?"

"பயந்ததப் பாத்தேன்."

"ரெண்டும் ஒண்ணா?"

பதில் தெரியாத கேள்விக்கு நான் ஜோக் அடிப்பது வழக்கம். அன்றைக்கு அதுவும் வரவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு முன்புதான் கேஸ் கொடுத்த அம்மாள் போன் செய்திருந்தார். இன்று சாயங்காலம் ஏழு மணி பஸ்ஸில் மகளையும் நாய்க்குட்டியையும் கூட்டிக்கொண்டு தன் கூடப் பிறந்த அக்கா ஊருக்குப் போகிறாராம். திரும்பி வருவதாக இல்லையாம்.

கேஸ் சின்னது. அந்த அம்மாளுக்கு வீட்டிலிருந்தபடியே போனில் பேசும் கஸ்டமர் கேர் வேலை. கணவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். பன்னிரண்டு வயதில் ஒரு மகள். ஐந்து மாதக் குட்டி ஒன்று, பெயர் பட்டன். கணவர் வீட்டுக்கு வந்தால் குட்டி நடுங்குகிறது, தரையை நனைக்கிறது. மற்றவர்கள் தூங்கும் விடியற்காலையில் கணவர்தான் குட்டியை வெளியே கூட்டிப் போகிறார். அப்போது என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்றார். அக்கா ஒரு வாரம் அவகாசம் கேட்டார். நான் முதல் நாளே முடித்துக் கொடுத்தேன்.

"நேத்து ராத்திரி உன் மெசேஜக் காட்டி அந்தம்மா புருஷன்கிட்ட கேட்டிருக்காங்க. ஆமா, அடிச்சேன்னு ஒத்துக்கிட்டாராம்" என்றார் அக்கா.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஒத்துக்கிட்டாரா? அப்ப நான் சொன்னது சரிதானேக்கா!"

"அதான் உறுத்துது. என் சர்வீஸ்ல, கேட்ட உடனே ஒத்துக்கிட்டவங்கள்ல பாதிப் பேரு தப்பு செய்யாதவங்க. நேத்து என்ன பாத்த, ஒண்ணு விடாம சொல்லு. பாத்தத மட்டும் சொல்லு."

சொன்னேன். அவர்கள் வீடு மூன்றாவது மாடி. நான் நாலாவது மாடிக்குப் போகும் படியில் உட்கார்ந்து செருப்பைத் துடைப்பது போல நடித்தேன். கதவு திறந்திருந்தது. மகள் பந்து உருட்ட, குட்டி ஹாலுக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. வயிறு தரையில் ஒட்டியது, வால் உள்ளே போனது, சொட்டுச் சொட்டாக நனைத்துக்கொண்டே செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் நுழைந்தது. முகத்தில் அப்படி ஒரு குற்றவாளிக் களை. கொஞ்ச நேரம் கழித்துப் பூட்டுக்காரர் படியேறி வந்தார். வாசலிலேயே நின்று அந்த ஈரத்தைப் பார்த்தார். மகள் அவரைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

"அது குற்றவாளிக் களை இல்லடா, பயம். குத்த உணர்ச்சிங்கறது மனுஷங்களுக்கு மட்டும் வர்ற வியாதி" என்றார் அக்கா. "குட்டி ஒடுங்கினப்போ அவர் எங்க இருந்தார்?"

"கீழ... ரெண்டாவது மாடியில இருந்திருப்பார்."

"ஆள் கண்ணுக்கே தெரியல. அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?"

"மோப்பம்க்கா. நாய்ங்களுக்கு ஒரு தெரு தள்ளி இருக்கறதும் தெரியும்."

"மோப்பம் பிடிச்சா மூக்கு தூக்கும். தூக்குச்சா?"

யோசித்தேன். மூக்கு தூக்கவில்லை. காதுதான் முதலில் படிக்கட்டுப் பக்கம் திரும்பியது, பிறகு பின்னால் மடங்கியது. அதைச் சொன்னதும் அக்கா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். மேஜை டிராயரின் பூட்டையும் கழற்றி எடுத்துக்கொண்டார்.

"அது நல்லா இருக்கற பூட்டு அக்கா."

"இன்னும் அஞ்சு நிமிஷத்துல இருக்காது" என்று சொல்லி, அதன் துவாரத்தில் ஒரு தீக்குச்சியை ஒடித்துப் போட்டார்.

பூட்டுக்காரரின் கடை ஆறடிக்கு நாலடி. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிறது. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள். சாவி வெட்டும் மெஷினுக்கு அடியில் பித்தளைத் தூள் குவிந்திருந்தது. இடுப்பு பெல்ட்டில் ஒரு கொத்து தொங்கியது. அறுபது மாதிரிச் சாவிகளாவது இருக்கும். அவர் ஸ்டூலில் திரும்பி உட்கார்ந்தாலே பாத்திரக்கடை இடம் மாறுவது போலச் சத்தம்.

அவர் காலடியில் ஒரு கிழட்டுத் தெருநாய் படுத்திருந்தது. சரியாகச் சொன்னால், அவருடைய வலது செருப்பைத் தலையணையாக வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. கொத்து அதன் காதுக்கு ஒரு சாண் மேலே குலுங்கியும் அது கண்ணைத் திறக்கவில்லை.

அக்கா பூட்டை நீட்டினார். அவர் ஒரே பார்வையில், "தீக்குச்சி" என்றார். "யாரோ வேணும்னே போட்டிருக்காங்க."

"இவன்தான்" என்று அக்கா என்னைக் காட்டினார். செய்யாத குற்றத்துக்கு நான் தலை குனிந்தேன். அப்படிக் குனிவது எவ்வளவு சுலபம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவர் ஊசியால் தீக்குச்சியை எடுக்க ஆரம்பித்தார். அக்கா சுற்றி வளைக்கவில்லை. "நாங்க துப்பறியறவங்க. உங்க வீட்டுக்காரம்மாவுக்கு மெசேஜ் அனுப்புனது எங்க ஆபீஸ்தான். குட்டிய அடிச்சீங்களா?"

ஊசி நின்றது. "அடிச்சேன்னு சொல்லிட்டேனே."

"எதால?"

"கையால."

"எங்க?"

"முதுகுல... தலையில."

"என்னிக்கு?"

"ஞாபகம் இல்ல."

"எதுக்கு அடிச்சீங்க?"

அவர் ஊசியை மறுபடி துவாரத்தில் விட்டார். அக்கா கீழே தூங்கும் கிழட்டு நாயைக் காட்டினார். "இத எத்தன வருஷமாத் தெரியும்?"

"மூணு வருஷமா இங்கதான் கிடக்குது."

"அடிக்கற ஆளோட செருப்புல எந்த நாயும் தலைய வச்சுத் தூங்காது. பொய் சொல்றதுன்னா முதல்ல இத எழுப்பி வெளிய அனுப்பிட்டுச் சொல்லியிருக்கணும். இப்ப நெசத்தச் சொல்லுங்க. நேரமில்ல."

பூட்டுக்காரர் ஊசியைத் துணியில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"குட்டிய அடிக்கலம்மா. பையன அடிச்சேன். மகளுக்கு மூத்தவன. ஆறு வருஷம் ஆச்சு. பரீட்சைக்குப் போறேன்னு சொல்லிட்டு சினிமாவுக்குப் போயிட்டான். அடியாத மாடு படியாதுன்னு வளந்தவன் நான். இதே கொத்தத் தூக்கி எறிஞ்சேன். புருவத்துக்கு மேல கிழிஞ்சு நாலு தையல். படிப்பு முடிஞ்சதும் வெளியூருக்கு வேலைக்குப் போயிட்டான். அவங்கம்மாகிட்ட மட்டும் பேசுவான்."

"அதுக்கும் குட்டிக்கும் என்ன சம்பந்தம்?"

"முதல் மாசம் என் செருப்பு மேலதான் தூங்கும், இதப்போல. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் என்னப் பாத்துத் தரையோட ஒட்டிக்கிச்சு. காலையில வெளிய கூட்டிட்டுப் போறப்போ நல்லாத்தான் இருக்கு, கைய நக்குது. நான் குளிச்சு வேலைக்குக் கிளம்புனா மாறிடுது. தூக்கக் கலக்கத்துல மறந்துபோயி, விடிஞ்சதும் ஞாபகம் வந்துடுது போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

"எது ஞாபகம் வந்துடுது?"

"நான் எப்படிப்பட்டவன்னு." அவர் அக்காவைப் பார்க்காமலே சொன்னார். "அவ வந்து அடிச்சீங்களான்னு கேட்டா. இல்லன்னு சொல்ல வாய் வரலம்மா. அடிச்சவன்தானே நான்."

எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த மனிதர் ஆறு வருஷமாகத் தனக்குத் தானே தீர்ப்பு எழுதி வைத்துவிட்டு, கையெழுத்துக்காகக் காத்திருந்திருக்கிறார். பதினோரு நிமிஷத்தில் நான் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அக்கா மட்டும் வேறு எதையோ பிடித்துக்கொண்டிருந்தார். "காலையில வெளிய போறப்போ இந்தக் கொத்து இடுப்புல இருக்குமா?"

"இல்லம்மா. குளிச்சிட்டுத்தான் பெல்ட்டப் போடுவேன்."

"கழட்டுங்க."

அவர் கழற்றினார். அக்கா அதை என்னிடம் கொடுத்தார். "மாட்டிக்க. கடையப் பூட்டச் சொல்லு. வீட்டுக்குப் போறோம்."

"அக்கா, இத மாட்டுனா என் பேண்ட் கழண்டு விழும்."

"விழட்டும். உனக்கு இன்னிக்குக் கொஞ்சம் அவமானம் தேவைதான்."

மூன்று மணிக்கு அந்த அம்மாளின் ஷிப்ட் முடியும். மூன்று ஐந்துக்கு நானும் அக்காவும் மூன்றாவது மாடியில் நின்றோம். கொத்து என் இரண்டு கைக்குள்ளும் ஒரு டவலில் பொதிந்து சத்தமில்லாமல் இருந்தது. பூட்டுக்காரர் முதல் மாடியில் காத்திருந்தார்.

காலிங் பெல்லை அழுத்தினேன். ஐந்து மாதக் குட்டி இருக்கும் வீட்டில் பெல் அடித்தால் கட்டிடமே அதிரவேண்டும். உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை. கதவைத் திறந்த அம்மாளுக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள் மூடியும் மூடாமலும் கிடந்தன. குட்டி ஹால் நடுவில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மூடியிருந்த உள் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நம்மளவிட அந்தக் கதவு லட்சணமா இருக்கு போல" என்றேன் மெதுவாக. அக்கா சிரிக்கவில்லை. அந்தக் கதவை அவரும் ஒரு தடவை பார்த்தார்.

"இன்னும் என்ன மேடம் விசாரணை? அவரே ஒத்துக்கிட்டாச்சு" என்றார் அந்த அம்மாள். கழுத்தில் ஹெட்செட் தொங்கியது. கண் வீங்கியிருந்தது.

"பத்து நிமிஷம் குடுங்க. அதுக்கு மேலயும் போகணும்னா பெட்டிய இவனே தூக்கிட்டு வருவான்."

அக்கா போனில் ஒரு ரிங் விட்டார். பூட்டுக்காரர் படியேறி வரும் காலடி கேட்டது. குட்டியின் காது நிமிர்ந்தது. அந்த அம்மாள் பழக்க தோஷத்தில் தரை துடைக்கும் துணியைக் கையில் எடுத்தார். ஆனால் குட்டி வாசலுக்கு ஓடியது. பூட்டுக்காரர் வந்து உட்கார்ந்ததும் அவர் முழங்காலை மோந்து, பெல்ட் பக்கம் மோந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மடியில் ஏறிக்கொண்டது. அந்த அம்மாள் கையில் துணியோடு அப்படியே நின்றார்.

"இப்ப நீ போ" என்றார் அக்கா.

ஒரு மாடி கீழே இறங்கி, டவலை அவிழ்த்துக் கொத்தை மாட்டிக்கொண்டு ஏறினேன். ஜல் ஜல் ஜல். மாடி வளைவில் திரும்பும் முன்பே மேலே நகம் வழுக்கும் சத்தம் கேட்டது. நான் வாசலுக்கு வந்தபோது குட்டி செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் இருந்தது. தரையில் ஈரக்கோடு. என்னைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. ஒரு ஜீவனைப் பயமுறுத்துவது இவ்வளவு கேவலமான அனுபவம் என்றும் எனக்குத் தெரியாது.

"இவன் அந்தக் குட்டிய இதுவரைக்கும் தொட்டதில்ல. அது பயந்தது சத்தத்துக்கு" என்றார் அக்கா.

நான் இந்த இடத்தில் கேஸ் முடிந்தது என்று நினைத்தேன். நான் நினைத்தால் அது நடக்காது என்பது ஊரறிந்தது. அந்த அம்மாளின் முகம் இறுகியது.

"சாவிக்கொத்துக்கா?" என்று கணவரைப் பார்த்தார். "அப்ப இதாலதான் அடிச்சிருக்கீங்க. பையன அடிச்ச அதே கொத்தால. விடியக்காலையில, யாரும் பாக்காதப்ப."

பூட்டுக்காரர் வெறும் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. காப்பாற்றப் போன கயிற்றாலேயே அவர் கழுத்தில் சுருக்குப் போட்டுவிட்டோம். நான் கொத்தை அவிழ்த்து டவலில் சுற்றினேன்.

அக்கா அவசரப்படாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அடிச்சிருந்தா அந்தக் கை மேல பயம் இருக்கும். நேரா வந்து மடியில ஏறுச்சே. அத விடுங்க. நான் வேற கேக்கறேன். பெல் அடிச்சா பட்டன் குரைக்கவே குரைக்காதா?"

பேச்சு மாறியதில் அந்த அம்மாள் தடுமாறினார். "முன்னாடி குரைக்கும். என் போன் காலுக்கு நடுவுல குரைச்சு, கஸ்டமருங்க புகார் பண்ணி, ஆபீஸ்ல வார்னிங் லெட்டரே குடுத்துட்டாங்க. இன்னொரு தடவ ஆச்சுன்னா வேல போயிடும். ஒரு மாசமா குரைக்கறது இல்ல."

"யார் பழக்குனது?"

"நான்தான்." அழுத முகத்திலும் ஒரு சின்னப் பெருமை தெரிந்தது. "ஒரு அடி இல்ல, ஒரு திட்டு இல்ல மேடம். போன்ல ஒரு ட்ரெய்னர் வீடியோ பாத்துத்தான் பழக்குனேன். குரைச்சா உடனே ஒரு சத்தம் கேக்கணும். ஆனா நாமதான் பண்றோம்னு நாய்க்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா நம்ம மேல பயம் வந்துடும்னு சொன்னாங்க. அதனால கதவுக்குப் பின்னாடி நின்னுதான் செய்வேன்."

"பெல் அடிச்சா எல்லா நாயும் வாசலப் பாக்கும். உங்க குட்டி அந்த அறைக் கதவப் பாக்குது" என்றார் அக்கா. "என்ன சத்தம்மா அது?"

"சும்மா ஒரு டப்பா. இருங்க, காட்டறேன்."

உள் அறைக்குப் போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தார். அதை அவர் உயர்த்தக்கூட இல்லை. கை மாற்றும்போது உள்ளே ஒரு தடவை 'ஜல்' என்றது. அவ்வளவுதான். செருப்பு ஸ்டாண்ட் ஆடியது. அடியிலிருந்து புதிதாக ஒரு ஈரம் ஓடிவந்து பெட்டியின் சக்கரத்தைத் தொட்டது.

அந்த அம்மாள் ஈரத்தைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். என் கையில் இருந்த டவல் மூட்டையைப் பார்த்தார். அவராகவே மூடியைத் திறந்தார். உள்ளே பதினைந்து இருபது பழைய சாவிகள்.

"வேற என்ன கிடைக்கும் இந்த வீட்டுல?" அவர் குரல் யாருக்கோ பதில் சொல்வது போல இருந்தது. "எந்த டிராயரத் திறந்தாலும் பழைய சாவிதான். கைக்குக் கிடைச்சதப் போட்டேன்."

"பகல் பூரா அதுக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சு" என்றார் அக்கா. "யார் போடறாங்கன்னு தெரியல. நீங்க கதவுக்கு வெளிய வர்றப்போ கையில பிஸ்கட்டும் சிரிப்புமா வந்தீங்க. ஆள் தெரியாத பயத்த மனுஷனாலயே தாங்க முடியாது. அது ஆளைத் தேடிக்கிட்டே இருந்துச்சு. சாயங்காலம் ஆறரை மணிக்கு அந்த ஆள், சத்தத்த இடுப்புல கட்டிக்கிட்டுப் படியேறி வந்தார்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டும் ஒரே ஹாலில், நாலடி இடைவெளியில் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குத் தாங்கவில்லை.

"மேடம், என்னோட தப்பும் இருக்கு. நான் எதையும் பாக்காமலே அந்த மெசேஜ அனுப்பிட்டேன்."

"உங்க மெசேஜ் ஒரு சாக்கு" என்றார் அந்த அம்மாள். டப்பாவை இன்னும் கையிலேயே வைத்திருந்தார். "ஆறு வருஷமா இவருக்கு எதிரா எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்துச்சு. குட்டி நடுங்கறப்போ கிடைச்சுடுச்சுன்னு நினைச்சேன். கொஞ்சம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு." மூச்சை இழுத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார். "ஏங்க, நீங்க அவன அடிச்ச அன்னிக்கு நான் எங்க இருந்தேன்னு ஒரு தடவகூட ஏன் கேக்கல?"

"கேட்டு என்ன ஆகப்போகுது?"

"இதே அறையிலதான் இருந்தேன். இதே கதவுக்குப் பின்னாடி. நீங்க கத்துனது, அவன் கத்துனது, எல்லாம் கேட்டுச்சு. வெளிய வந்திருந்தா கொத்து உங்க கையவிட்டுப் போயிருக்காது. வரல. பயந்து நின்னுட்டேன். இத்தன வருஷமா எல்லாப் பழியையும் உங்க மேலயே போட்டுட்டு நல்லவளா இருந்துட்டேன்."

"எறிஞ்சது நான்தானே" என்றார் அவர்.

"ஆமா, நீங்கதான். அத நான் இல்லன்னு சொல்லல." அந்த அம்மாள் அழுதார். துடைக்கும் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா இவ்வளவு நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொழில் பேசுவது போல நிதானமாகச் சொன்னார். "டப்பா இனிமே வேண்டாம். ஷிப்டுக்கு முன்னாடி குட்டிய நல்லா ஓடவிடுங்க, கடிக்க ஏதாவது குடுங்க, பாதிக் குரைப்பு தானா அடங்கிடும். சாவிக்கு ஒண்ணே ஒண்ணுலருந்து ஆரம்பிக்கணும். ஒரு சாவிய மட்டும் துணியில சுத்தி, சத்தம் வந்தும் வராம அசைச்சு, உடனே ஒரு துண்டு முட்டை. பயந்தா நிறுத்திடுங்க. பயம் போனப்புறம் துணியில்லாம. அதுக்கப்புறம் ரெண்டு சாவி. கொத்துக்கு வர்றதுக்கு மாசக்கணக்காகலாம். அதுவரைக்கும் கொத்து கடையிலயே தொங்கட்டும்."

பூட்டுக்காரர் தலையை ஆட்டினார். பிறகு கேட்டார்: "குட்டிக்கு ஒரு சாவியிலருந்து ஆரம்பிக்கலாம். பையனுக்கு எதுலருந்தும்மா ஆரம்பிக்கறது?"

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கும் அக்கா, "அது எனக்குத் தெரியலீங்க" என்றார்.

நாலு மணி ஆகியிருந்தது. படியில் ஓட்டமும் நடையுமாகக் காலடி. மகள் பள்ளிப் பையோடு வாசலில் வந்து நின்றாள். ஈரத்தைப் பார்த்தாள். செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு மூக்கைப் பார்த்தாள். பிறகு, இந்நேரத்துக்கு வீட்டில் இருக்கக்கூடாத அப்பாவைப் பார்த்தாள்.

"இன்னிக்கும் அடிச்சீங்களாப்பா?"

அம்மாள் அறை வாசலில் நின்றிருந்தார். டப்பா எப்போது முதுகுக்குப் பின்னால் போனது என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஒரு அடி பின்னால் வைத்தால் கதவு இருந்தது. பூட்டுக்காரர் அந்தக் கையைப் பார்த்துவிட்டார். எழுந்து மகளிடம், "ஆமாம்மா, அப்பாதான்..." என்று ஆரம்பித்தார்.

இரண்டாம் முறையும் அந்த மனிதர் செய்யாததை ஒப்புக்கொள்ளப் போகிறார். எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. அக்கா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

அம்மாள் ஹாலுக்கு நடுவே வந்தார். டப்பாவை முன்னால் கொண்டுவந்து, சாவிகள் அசையாமல் தரையில் வைத்தார். மகளுக்கு முன்னால் மண்டியிட்டார்.

"அப்பா இல்லடா. அம்மாதான்" என்றார். "உக்காரு. எல்லாத்தையும் சொல்றேன்."

அதற்கு மேல் அங்கே எங்களுக்கு வேலையில்லை. அக்கா முன்னால் இறங்கினார். நான் கொத்தைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூன்று மாடியும் ஒரு சாவிகூட இடிக்காமல் இறங்கினேன்.

"என்னடா, ஒரு ஜோக்கையும் காணோம்?" என்றார் அக்கா தெருவுக்கு வந்ததும்.

"வரலக்கா."

"நல்லது. ரிப்போர்ட் எழுதி எட்டு மணிக்குள்ள அனுப்பு. இந்தத் தடவ பாத்தத மட்டும் எழுது." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கொத்தைப் பூட்டுக்காரர் கடையின் ஷட்டர் கொக்கியில் மாட்டினேன். அதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தேன். மூன்று டீ குடித்தேன். ஒன்றும் ருசிக்கவில்லை.

அன்றைய ரிப்போர்ட்டை அங்கேதான் எழுதினேன். அக்கா அதில் ஒரு சொல்லையும் திருத்தவில்லை. அது இதுதான்:

'மாலை 6.35. பூட்டுக்காரர் தனியாகக் கடைக்கு வந்தார். கொத்திலிருந்து ஒரே ஒரு சாவியைக் கழற்றினார். கைக்குட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தெருநாயின் தலையைத் தடவிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். கொத்து கடையிலேயே இருக்கிறது.

மாலை 7.00. பஸ் வந்தது. நாலு நிமிஷம் நின்றது. அந்த வீட்டிலிருந்து யாரும் வந்து ஏறவில்லை. ஏன் என்று தெரியாது. பார்க்கவில்லை.'